வெல்டரைக் கேட்டு வரும் போன்

இன்று காலை மாத்திரை மையத்திலிருந்து போன் வந்தது. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் அந்த மையத்தில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். இந்தியில் பேசினாள். "அங்கிள், உங்கள் தம்பி இந்த மாதம் மாத்திரை வாங்க வரவில்லை."

எனக்குத் தம்பி கிடையாது. இந்த உறவை உண்டாக்கியவன் நீ. உன் ஈரல் கெட்டு நீ போனபின் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது.

தாராவியில் நீ தோல் பட்டறையில் பை தைத்திருந்தாய். பிறகு போதை ஊசி பழகினாய், விட்டாய். நான் பார்த்தபோது பழைய ஊசிகளை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிறவனாக இருந்தாய். யாரையும் நீ டெஸ்டுக்கு வா என்று அழைத்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புண்ணுக்கு மருந்து போடுவாய். சட்டைக் கையை மடித்து உன் தழும்புகளைக் காட்டுவாய். "நானும் டெய்லி மாத்திரை திங்கிறவன்தாம்லே. செத்தா போயிட்டேன்?"

உன்னிடம் ஊசி வாங்க வருகிறவர்களில் ஒருவரான வெல்டர், டெஸ்டுக்கு விரலை நீட்ட ஒன்றரை மாதமானது. அவர் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். விரல்நுனி ரத்தத்தில் கிருமி இருப்பதாகக் காட்டியது. ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் கொடுத்து உறுதி செய்தால்தான் மருந்து. "நாளைக்கு வாரேன்" என்றார். நீயும் சரி என்றாய்.

மறுநாள் காலை பேப்பரில் உங்களைப் பற்றிய என் கட்டுரை வந்தது. பெயர்களை மாற்றியிருந்தேன், இடத்தை மாற்றவில்லை. எந்தப் பாலம், எந்தக் குழாய்க்குப் பின்னால், எந்த நேரத்தில் கூடுவார்கள் என்பதெல்லாம் இருந்தது. அப்படித் துல்லியமாக எழுதுகிறவன் என்றுதான் எனக்குப் பெயர். பத்து மணிக்குள் போலீஸ் வேன் வந்துவிட்டது. பிடிபட்டவர்கள் போக மற்றவர்கள் சிதறினார்கள். வெல்டர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

நீ திட்டவில்லை. பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தாய். "ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. எல்லாம் கரெக்டா எழுதியிருக்கீங்க. போலீசு யார்கிட்டயும் வழி கேக்காம வந்துட்டான்."

அதற்குப் பிறகு நானும் உன்னோடு வெல்டரைத் தேட வந்தேன். சான்பாடாவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார்; அங்கே இல்லை. உல்லாஸ்நகரில் ஒரு டீக்கடைக்காரர் அம்பர்நாத் என்றார். அங்கே ஒரு கேட் செய்யும் பட்டறையில், பொறி பறக்க வெல்டர் உட்கார்ந்திருந்தார். ஊசியையும் விடவில்லை.

"ஏலே, ஒன்னத் தேடி என் செருப்பு தேஞ்சு போச்சு."

வெல்டர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கூட வந்திருக்கது யாரு, போலீசா?"

"அதவிட மோசம். பேப்பர்காரரு."

"எழுதுனது இவருதானா?" சிரிக்கவில்லை. "அப்பம் டீ இவரு வாங்கட்டும்."

டீ குடித்ததும் பட்டறை முதலாளி சேட்டிடம் லீவு கேட்டு நாளைக்கு வருவதாகச் சொன்னார். நீ அவர் கையை விடவில்லை. "நாளைக்குன்னு ஒன்ன ஒரு தடவ விட்டதே போதும்லே. எந்திரி."

ஆஸ்பத்திரியில் உறுதியானபின் மையத்தில் பதியும்போது, மாத்திரை தவறினால் கூப்பிட ஒரு எண் கேட்டார்கள். எல்லாருக்கும் உன் எண்ணைத்தான் கொடுப்பாய். அன்று என்னைக் காட்டினாய். "இவரு நம்பரப் போடுங்க. அண்ணன்." செய்தி எழுதுகிறவன் செய்திக்குள் போகக் கூடாதே என்று நான் முணுமுணுத்தேன். "நீங்கதான் மொதல்லயே உள்ள வந்துட்டீங்களே அண்ணாச்சி."

உன் எண் இப்போது வேலை செய்யவில்லை. அந்த எண்ணை மட்டும் கொடுத்திருந்தவர்கள் மாத்திரைக்கு வராவிட்டால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை. யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது. நான் இன்னும் எழுதுகிறேன். இடங்களின் பெயரை எழுதும் முன் பேனா நின்றுவிடுகிறது.

பட்டறைக்குப் போன் செய்து, காரணம் சொல்லாமல் வெல்டரைக் கேட்டேன்.

"அர்ஜென்ட் வேல அண்ணாச்சி. மாத்திரை முந்தாநாளே தீந்துட்டு. நாளைக்கு கட்டாயம் போயிருதேன்."

போனை வைத்துவிட்டு முழங்காலில் பட்டையைக் கட்டினேன். மாட்டுங்காவில் அம்பர்நாத் வண்டி உடனே கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். உல்லாஸ்நகர் தாண்டியாயிற்று. மையம் மூடுவதற்குள் அவரோடு திரும்பிவிட முடியுமா என்று மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.