எல்லம்மாளை அனுப்பிவிடச் சொன்னாய்

கூரம் ஏரிக்கரை,
1927ஆம் வருஷம், தை மாதக் கடைசி.

அன்புள்ள மகன் தானியேலுக்கு, அதாவது எங்கள் காத்தானுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கச்சி எல்லம்மாளும் கர்த்தர் தயவில் கஞ்சி குடித்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே மதுரைச் சீமையில் நீயும் வயிறு நிறையச் சாப்பிட்டு, படிக்கிற படிப்பு தலையில் ஏறி உட்காராமல் நெஞ்சிலும் கொஞ்சம் இறங்கும்படியாகச் சுகமாயிருக்க வேண்டும். உன் கடுதாசி போன செவ்வாய்க்கிழமை வந்தது. உபதேசியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை, நானே எழுத்துக் கூட்டி இரண்டு நாளாகப் படித்தேன். முதல் நாள் "என் பிரியமுள்ள தாயாருக்கு" என்கிற வரைக்கும் படித்துவிட்டு அதையே நாலு தடவை சொல்லிச் சந்தோஷப்பட்டேன், மறுநாள் மீதியைப் படித்தேன், முதல் நாளோடு நிறுத்தியிருக்கலாம். உன் அம்மா சிரித்துப் பேசியே காலம் தள்ளுகிறவள் என்று உனக்குத் தெரியும், இந்தத் தையில் எனக்குச் சிரிப்பதற்கும் வாய் வலிக்கிறது அப்பா.

நீ எழுதியதை நான் சரியாய்ப் படித்தேனா பார்த்துக்கொள். எல்லம்மாள் தாலியில்லாமல் ஒருவனோடு குடித்தனம் செய்து, வயிற்றில் பிள்ளையோடு நம் குடிசையில் இருக்கிறாள் என்று உபதேசியார் உனக்கு எழுதிவிட்டார். நீ வருகிற சித்திரையில் சேருவதற்கு உபதேசியார் வேலைக்குப் பேர் கொடுத்திருக்கிறாய், பெரியவர்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள். ஆகையால் அவள் சபைக்கு முன்னால் பாவத்தை அறிக்கையிடுகிற வரைக்கும் அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும், மாசி மகத்துக்கு யாரும் கடலுக்குப் போகக்கூடாது. இவ்வளவுதானே. எழுத்து முத்து முத்தாயிருந்தது, வாத்தியார் மெச்சியிருப்பார். நீ நான்கு வருஷம் வெளியே இருந்ததில் நம் இருளர் வழக்கம் மறந்திருந்தாலும் இருக்கும், அதனால் சொல்கிறேன். முனியன் ஐயம்பேட்டை ஏரிக்கரைப் பையன், நல்லவன், எலி வளையைப் பார்த்தால் உள்ளே எத்தனை படி நெல் இருக்கும் என்று வெளியே நின்றே சொல்லிவிடுவான். ஆடி மாதத்தில் அவனும் இவளும் ஒரு மனசானார்கள், ஒரு குடிசை போட்டார்கள், ஒரே சட்டியில் பொங்கித் தின்றார்கள். மாசி மகத்தன்று கடற்கரையில் கன்னியம்மாவுக்கு முன்னால் தாலி கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். நம் ஜனம் என்றைக்கும் செய்தது இதுதான். இப்போது அறுப்பு முடிந்து முனியன் ஊர் ஊராய் வளை வெட்டப் போயிருக்கிறான், இவளுக்கு வாந்தி நிற்கவில்லை, தாய் வீட்டுக்கு வந்தாள். வந்தவளை எங்கே அனுப்பச் சொல்கிறாய், ஏரிக்குள்ளேயா?

வேதத்தில் சேர்ந்ததை நான் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. காய்ச்சல் வருஷத்தில் உன் அப்பாவை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இதே உபதேசியார்தான். நெல் திருடினோம் என்று பண்ணைக்காரன் நம் ஆட்களைப் புளியமரத்தில் கட்டி வைத்தபோது குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே போய் நின்று அவிழ்த்துவிடச் சொன்னவரும் அவர்தான். அங்கம்மாள் என்கிற இந்தக் கழுதைக்கு முப்பத்தைந்து வயதில் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது அவர் சம்சாரம். அதையெல்லாம் மறந்தால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. நம் ஜனத்தில் பிடித்த எலியைப் பங்கு போடாமல் தின்றவனைத்தான் தள்ளி வைப்பார்கள், பிள்ளை உண்டானவளைத் தள்ளி வைத்து நான் பார்த்ததில்லை. உன் அப்பாவும் முன்போல் இல்லை. கன்னியம்மா வந்து இறங்கிக் குறி சொன்ன உடம்பு அது, ஞானஸ்நானம் வாங்கியபிறகு ஆடுவதில்லை. பௌர்ணமியானால் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஜெபம் பண்ணுகிறாயா என்று கேட்டால், "சும்மா குந்திக்கினு இருக்கேன், நீ போமா" என்கிறார். நான்தான் பழையபடி இருக்கிறேன். பெரிய காஞ்சிபுரத்துக்கு விறகும் நொச்சித் தழையும் கொண்டுபோனால் நெசவுக்காரத் தெரு கமலவேணி அம்மாள் ஆறு வருஷமாக ஒரே கேள்விதான் கேட்கிறாள். "இன்னாடி அங்கம்மா, நீ வேதத்துல சேந்துக்கினியே, உன் தழை இன்னும் முட்டி வலிக்குக் கேக்குமா?" என்பாள். "தழைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆவலைமா, பழைய மாதிரியே கேக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவேன். தெருவே சிரிக்கும். வீட்டுக்கு வந்தால் எனக்குச் சிரிப்பு வராது.

நீ சொன்னபடி அறிக்கையிடுவதும் போன ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டது, அதை உபதேசியார் உனக்கு எழுதினாரோ இல்லையோ நான் எழுதுகிறேன். எல்லம்மாள் போகமாட்டேன் என்று அழுதாள், நான்தான் என் பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், அது என் தப்பு. ஜெபவீட்டில் எட்டுக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. உபதேசியார் அவளை முன்னால் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு முன்னே ஒரு புருஷனோடு வாழ்ந்தது பாவம் என்று ஒத்துக்கொள் என்றார். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "சபையாரே, இப்படிப்பட்ட பாவத்தில் இருந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் நீங்களும் எழுந்து நின்று இவளோடு ஜெபம் பண்ணுங்கள், இவள் தனியாய் நிற்க வேண்டாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். முதலில் கிழவி செல்லியம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். அவள் மருமகள் எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாய் எழுந்தார்கள், பொம்மனாட்டிகள் தனியாகவா அந்தப் பாவத்தைச் செய்தார்கள் என்று யோசித்து ஆம்பிளைகளும் எழுந்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தது உபதேசியார் சம்சாரம் ஒருத்தியும், தரையில் விட்டிருந்த கைக்குழந்தைகளும்தான். உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார், நாங்கள் அப்படியேதான் நின்றோம். "நான் கேட்டது அது இல்லை அம்மா" என்றார். செல்லியம்மாள், "நீங்க நிக்கச் சொன்னதுக்குத்தான் நின்னோம் ஐயா, எனக்கு இப்ப மூணு பேரன் ஆயிட்டான், இனிமே இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். எல்லம்மாள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள்.

காத்தானே, நானும் எழுந்து நின்றேன், உன் அப்பாவும் என் பக்கத்தில் நின்றார். ஏன் நின்றோம் என்று உனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. நானும் அவரும் கடலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்ட மாசியில் நீ என் வயிற்றில் ஐந்து மாதம். என் கல்யாணத்துக்கு வந்த முதல் விருந்தாளி நீதான், உட்கார இடம் கேட்காமல் வந்தவன். நீ உதைத்த உதையில் கன்னியம்மாவுக்கு மணலில் கட்டிய ஏழு படியையும் நான் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன், கூட வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளைக்கு முன்னே பிள்ளைக்கு அவசரம் என்று சிரித்தார்கள். அன்றைக்கு என் அம்மா என்னை வெளியே அனுப்பியிருந்தால் நீ எந்த மரத்தடியில் பிறந்திருப்பாயோ தெரியாது. இதைப் பாவம் என்று நீ சொன்னால் நான் சண்டைக்கு வரவில்லை, நீ படித்தவன், உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாவத்துக்குக் கையும் காலும் முளைத்துத்தான் இப்போது மதுரையிலிருந்து எனக்குக் கடுதாசி எழுதுகிறது, அதை மட்டும் மறந்துவிடாதே.

முந்தாநாள் முனியன் வந்திருந்தான், அவன் ஞானஸ்நானம் வாங்கினால் ஜெபவீட்டிலேயே கல்யாணம் நடத்துகிறேன் என்றார் உபதேசியார். அவன், "அப்பறமா வாங்கிக்கறேன் ஐயா, முதல்ல எங்க ஆத்தா கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்கிறான், கன்னியம்மாவைத்தான் சொல்கிறான். ஆகவே பௌர்ணமிக்கு முன்னால் நாங்கள் புறப்படுகிறோம். மகாபலிபுரத்துக்கு மூன்று நாள் நடை, எல்லம்மாளுக்காக நாலு நாள் வைத்துக்கொண்டோம். போகிறவர்கள் பேரைச் சபைப் புஸ்தகத்தில் அடிக்க வேண்டிவரும் என்று உபதேசியார் என்னிடம் சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்தானே. அடியுங்கள் ஐயா, திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறேன் என்றேன். இந்த வயதில் இரண்டு பக்கமும் ஓடி ஓடி உடம்பு ஓய்ந்துவிட்டது, இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவது என்று தெரியவில்லை, விடமாட்டேன் என்று தெரிந்தது எல்லம்மாளைத்தான். உன் அப்பா கடுதாசி முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார், "பொண்ணை அனுப்பிட்டா அந்த வூட்டுல நான் எப்படிக் கஞ்சி குடிப்பேன்" என்றார். எங்களால் உன் வேலை போனால் அம்மாவை மன்னித்துக்கொள். பெரியவர்கள் விசாரித்தால் பொய் சொல்லாதே, இப்படி ஒரு குடும்பம் எனக்கு இருக்கிறது என்று சொல், அதற்குமேல் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

குளிர் நாளில் தலைக்குத் துணி கட்டிக்கொள், சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, உன்னைவிடச் சின்னப் பையன்களுக்கு உபதேசம் பண்ணிக்கொண்டே இருக்காதே, கேட்கிறவனுக்கும் பசிக்கும். நீ நோய் நொடியில்லாமல், நூறு பேருக்கு நல்ல வார்த்தை சொல்லுகிறவனாய், பெரிய ஆயுசோடு இருக்க உன் அப்பாவும் நானும் வாய் நிறைய வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வைகாசியில் பிள்ளை பிறக்கும். நம் ஜனத்தில் பிள்ளையின் முதல் முடியைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் இறக்குவார்கள், எல்லம்மாளுக்கு இருக்கிற அண்ணன் நீ ஒருத்தன். அடுத்த மாசியில் முடி இறக்கக் கடற்கரைக்கு வர உன் மனசு ஒப்பாவிட்டால் வேண்டாம், ஜெபவீட்டு வாசலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டு இறக்கினாலும் எனக்குச் சம்மதம், முனியனிடமும் கேட்டுவிட்டேன், அவனும் சரி என்றான். இடம் எதுவானாலும் மடி உன்னுடையதாயிருக்க வேண்டும். நீ வருகிற வரைக்கும் அந்தப் பிள்ளையின் தலையில் கத்தி வைக்க யாரையும் விடமாட்டேன், முடி முழங்காலுக்கு வளர்ந்தாலும் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா அங்கம்மாள்,
சபைப் புஸ்தகத்தில் அடுத்த வாரம் வரைக்கும் மார்த்தாள்.