டோம்பிவிலிக்குப் போக வேண்டிய போன்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான கார்டு தபாலில் வந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் உம் படம். வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர். நல்ல படம்தான். உம்மை எனக்குத் தெரிந்த காலம் முழுக்க அந்த வாய் அப்படித்தான் இருந்தது. படத்துக்குக் கீழே மாட்டுங்கா ஹாலின் விலாசம், அதற்கும் கீழே உம் வீட்டு லேண்ட்லைன் நம்பர். நான் அதைப் படிக்கவில்லை. படிப்பதற்கு முன்பே என் ஆள்காட்டி விரல் அதைத் தொடையில் அடித்து முடித்துவிட்டது. சிரித்துவிட்டேன்.

"சாவு கார்டப் பாத்துச் சிரிக்கிய. கிறுக்கு புடிச்சிட்டா?" என்றாள் வீட்டுக்காரி.

"இந்த நம்பர நான் ஒருக்கா ஆபீஸ் ரூட்டர்ல போட்டேன் ட்டி."

"அதுக்கு?"

அதுக்குத்தான் இந்த மடல். அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்திருந்தால் உம் நினைப்பை மாற்றிக்கொள்ளும். எனக்கு உம்மேல் இருக்கிற கோபம், உம் உடம்பைப்போல இல்லை. நல்ல திடகாத்திரமாக இருக்கிறது.

செம்பூர் மெயின் ஆபீஸின் கண்ணாடி அறை ஞாபகம் இருக்கிறதா? ஏசி, இரும்பு அலமாரி, அதில் ரூட்டர் என்று ஒரு தட்டைப் பெட்டி, பக்கத்தில் மோடம்கள். நம்முடையது பார்சல் லாரி கம்பெனி. டோம்பிவிலியிலும் மான்குர்த்திலும் கிளைகள். நாள் முழுக்க லைன் வைத்துக்கொள்ள முதலாளிக்கு மனசு வரவில்லை. அதனால் அனுப்ப ஏதாவது இருந்தால் மட்டும் மெயின் ஆபீஸ் ரூட்டர் தானாகவே கிளைக்கு போன் போடும். எந்த பார்சல் வருகிறது, எது போகிறது என்று சொல்லும். இரண்டு நிமிஷம் பேச்சில்லை என்றால் தானே போனை வைத்துவிடும். எதற்கெல்லாம் போன் போடலாம், எதற்குக் கூடாது என்று அதற்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுகிற பெரிய மனிதர் நீர்.

"எல்லாத்துக்கும் போன் போட்டா அது ரூட்டர் இல்லை ஓய், என் மாமியார்," என்பீர். அந்த ஒரு நகைச்சுவையை வைத்துக்கொண்டே பென்ஷன் வரைக்கும் ஓட்டினீர்.

நான் ஆறாம் வகுப்பு. கேபிள் இழுக்க வந்தவன். இங்கிலீஷ் எழுத்துகளை மனுஷ முகம் மாதிரி அடையாளம் வைத்திருந்தேன். நீர் தாளில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து அப்படியே அடிப்பேன், உம்மைவிட வேகமாக. நீர் கீபோர்டில் அடிப்பது அரிசியில் கல் பொறுக்குவது போல இருக்கும். அந்தக் கண்ணாடி அறையின் சாவி என் இடுப்பில் தொங்கியது. பனியனுக்கு மேலே தெரிகிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு தாராவித் தெருவில் நடப்பேன். நீர்கூட ஒரு தரம் கேட்டீர், "தூங்கும்போதாவது அவுப்பீரா ஓய்?" என்று.

ஒரு திங்கட்கிழமை நீர் மீசையைத் தடவிக்கொண்டு வந்தீர். "சனிக்கிழமை ஒண்ணு சேர்த்திருக்கேன் ஓய். இனிமே ரூட்டர்கள் தங்களுக்குள்ளயே வழி சொல்லிக்கும். நாம ஒண்ணும் பண்ண வேண்டாம்."

சனிக்கிழமை நான் லீவு. ஆண்டாப் ஹில்லில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. திங்கள் மத்தியானம் பார்க்கிறேன், டோம்பிவிலி மோடத்தின் விளக்கு அணையவே இல்லை. செவ்வாயும் அணையவில்லை. புதன்கிழமை உம்மிடம் வந்து சொன்னேன்.

"சார், டோம்பிவிலி லைட்டு அணையவே மாட்டேங்கு. மாமியாரு போன வைக்கவே இல்ல போல."

"உமக்கு லைட்டைப் பாக்கத்தான் தெரியும். உள்ளே என்ன நடக்கறதுன்னு தெரியுமா? போய் வயரைச் சுத்தும்."

உள்ளே என்ன நடந்தது என்று பின்னால் தெரிந்தது. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ரூட்டர்கள் ஒன்றையொன்று, 'நான் இருக்கேன், நீ இருக்கியா' என்று விசாரித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அந்த விசாரிப்புக்கு போன் போடாதே, அதை வேலையாக எண்ணாதே என்று பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். நீர் சேர்க்கவில்லை. இரண்டு நிமிஷ அமைதி எப்படி வரும்? லைன் வெட்டப்படவே இல்லை. அடுத்த போன் பில் வரும்வரை டோம்பிவிலியும் செம்பூரும் புதுக் கல்யாண ஜோடி மாதிரி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

பில் வந்தது. முதலாளியிடமிருந்து கேள்வி வந்தது. மேனேஜர் எல்லோரையும் ஹாலுக்கு வரச் சொன்னார். டைப்பிஸ்ட் பெண்கள் வரைக்கும் நின்றார்கள். "யார் கை வச்சது?" என்றார்.

நீர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தீர். "இவன் கையிலதான் சாவி இருக்கு சார். பாவம், படிக்கத் தெரியாதவன். துடைக்கறச்சே விரல் பட்டிருக்கும்."

அந்த 'பாவம்' இருக்கிறதே, அதற்காகவே உம்மை மேலே இரண்டு தட்டுத் தட்டச் சொல்ல வேண்டும்.

"சனிக்கிழமை நான் வரவே இல்ல சார்," என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. மேனேஜர் கையை நீட்டினார். நான் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். முடிச்சு இறுகிப்போய், எல்லோரும் பார்க்கப் பார்க்க அவிழ்க்க நேரமானது. ஒரு டைப்பிஸ்ட் பெண் சிரித்தாள். மறுநாளிலிருந்து மான்குர்த் குடோனில் மூட்டை தூக்கினேன்.

போவதற்கு முன்னால் மாடிப்படியில் உம்மை மறித்தேன். "நீரு போட்டதுதான வே? சொல்லும்."

"எனக்குப் பொண்ணு கல்யாணம் வச்சிருக்கு ஓய். உமக்கு எங்க போனாலும் வேலை வேலைதானே."

எங்கே போனாலும் வேலை வேலைதான். முதுகு மட்டும் வேறு. அன்றைக்கே முடிவு செய்தேன். 'நான்தான் போட்டேன்.' இந்த இரண்டு வார்த்தையை உம் வாயிலிருந்து, அதே ஆட்கள் முன்னால் வரவழைக்காமல் விடுவதில்லை என்று.

மழைக்காலம் முடிந்ததும் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கூரைக்கு மேலே ஊர்ந்து கேபிள் இழுக்க உம் தொப்பை இடம் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். சாவி மட்டும் வரவில்லை. வேலை இருந்தால் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு நாள் கடவுள் கண்ணைத் திறந்தார். டோம்பிவிலி கிளை வேறு கட்டடத்துக்கு மாறி, புது போன் நம்பர் வந்தது. நீர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தீர். போனிலேயே எனக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னீர்.

"பழைய நம்பரை எடுத்துட்டு புது நம்பரைப் போடும். வேற எதையும் தொடாதேயும். போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

போட்டேன். உம் வீட்டு நம்பரை.

அதன்பின் டோம்பிவிலிக்கு செம்பூரிலிருந்து எப்போது செய்தி கிளம்பினாலும் ரூட்டர் உம்மைக் கூப்பிட்டது. எடுத்தால் பீப்... பீப்... வைத்தால் மறுபடியும் மணி. டோம்பிவிலி தன் பக்கத்திலிருந்து நமக்கு போன் போடும்போது இங்கே தேங்கிய செய்தியும் சேர்ந்து போய்விடும். அதனால் அங்கே, 'என்ன இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு' என்று மட்டும்தான் நினைத்தார்கள். அவஸ்தை முழுக்க உமக்கும் உம் வீட்டு மாமிக்கும். மாமி உம்மைப் பிடித்த பிடி பின்னால் உம் வாயாலேயே எனக்குத் தெரியவந்தது.

"யாரோ ஒருத்தி சிக்னல் கொடுக்கறா. ரெண்டு பீப்புன்னா எங்க வரச் சொல்றா? கிங்ஸ் சர்க்கிளா?" என்று கேட்டாளாமே. காய்ச்சலோடு காய்ச்சலாக நீர் ரசம் இல்லாமல் சாப்பிட்ட நான்கு நாள், என் வாழ்க்கையின் நல்ல நாள்களில் சேர்த்தி.

பிறகு எந்த நம்பரிலிருந்து வருகிறது என்று காட்டும் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினீர். அதில் நம் ஆபீஸ் நம்பர் வந்தது. மறுநாள் காலை நேராகக் கண்ணாடி அறைக்குள் போனீர். நான் பின்னாலேயே வந்து நின்றேன். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை. நீர் கத்துவீர். கத்தினால் ஆபீஸ் கூடும். கூடினதும் 'எதுக்கு இப்படிப் பண்ணினீர்?' என்று கேட்பீர். அப்போது நான் சொல்வேன். அதற்காகத்தானே அத்தனையும்!

நீர் திரையைப் பார்த்தீர். உம் வீட்டு நம்பரைப் பார்த்தீர். கல் பொறுக்கி, கல் பொறுக்கி சரியான நம்பரை அடித்தீர். சேமித்தீர். திரும்பக்கூட இல்லை.

"ஏசி ஜாஸ்தியா இருக்கு ஓய். கொஞ்சம் குறைச்சு வையும்."

அவ்வளவுதான். என் வாயைத் திறக்கவைக்காமல் இருக்க உம் வாயை மூடிக்கொண்டீர். நான் வைத்த வெடியை நீர் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் போனீர். அதற்குப் பிறகு அந்த அறையின் ரூட்டரைக் கழற்றினார்கள், நம் இருவரையும் ரிட்டையர் ஆக்கினார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஞாயிறுதோறும் முருங்கைக்காய் வாங்க வருவீர். நான் உம்மைப் பிடிக்க வருவேன்.

"சொல்லும் வே. யார் போட்டது?"

"அடுத்த வாரம் சொல்றேன் ஓய்."

எத்தனை அடுத்த வாரம்! இப்போது அடுத்த வாரமே இல்லாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டீர்.

ஆனால் கூட்டத்துக்கு உம் பிள்ளை என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னான். ஹாலில் பழைய ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள் என்றான். அன்றைக்குச் சிரித்த டைப்பிஸ்ட்கூட. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. சட்டைக்குக் கஞ்சி போட்டேன். கண்ணாடிமுன் நின்று ஒத்திகை பார்த்தேன். முதலில் வீட்டு நம்பர் கதை, எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரித்து ஓய்ந்ததும் டோம்பிவிலி லைன் கதை, ஒருவரும் சிரிக்கக் கூடாது.

முதல் பாதி ஜோராக நடந்தது. பீப் என்று மைக்கில் கத்திக் காட்டினேன். முன்வரிசையில் மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். உம் மருமகள் பயந்துபோய் எழுந்தாள். அழுகிறாள் என்று நினைத்திருப்பாள். மாமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது நீங்களா! படுபாவி! எதுக்கு எங்காத்து நம்பரைப் போட்டேள்?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

அதே கேள்வி. இத்தனை வருஷமாக நான் காத்திருந்த கேள்வி, அதே ஆட்கள் முன்னால். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மாமியின் கண்ணில் சிரிப்புத் தண்ணீர் நின்றது. நீர் போனதிலிருந்து அவள் பேசவே இல்லை என்று உம் பிள்ளை வாசலில் சொல்லியிருந்தான்.

"சும்மா விளையாட்டுக்கு மாமி," என்றேன்.

பின்னாலிருந்து யாரோ, "படிக்கத் தெரியாதவன்கிட்ட ரூட்டரைக் கொடுத்தா இப்படித்தான்," என்றார்கள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு இறங்கினேன். செத்தும் ஜெயித்தீர் வே.

டிபன் பந்தியில் மேனேஜர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கோல் ஊன்றி நடக்கிறார், காது மட்டும் கூர்மை. அவர் காதில் மெதுவாகச் சொன்னேன், டோம்பிவிலி லைனை நான் தொடவில்லை என்று.

"தெரியுமே," என்றார், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "மஸ்டர் புக்குல அந்தச் சனிக்கிழமை நீ லீவு. கையெழுத்துப் போட்டதே நான்தானே."

"பின்ன ஏன் சார் என்ன குடோனுக்கு அனுப்புனீங்க?"

"யாரையாவது அனுப்பினேன்னு முதலாளிக்குக் காட்டணும்பா. அவரை அனுப்பினா ரூட்டரை யார் பாக்கறது? சோடு நா யார், விட்டுத் தள்ளு, பழைய கதை." சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நான் இலையை மூடினேன். நீர் பொய் சொன்னீர், அவர் தெரிந்தே வாங்கிக்கொண்டார். நான் உம் ஒருவர் மேல் வைத்திருந்த கோபம் இரண்டாகப் பிரியும் என்று நினைத்தேன். பிரியவில்லை. உமக்கு உரியது குறையாமல், அவருக்குப் புதிதாக ஒன்று முளைத்தது.

இப்போது என் ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தானே இருக்கிறது. செம்பூரில் மேனேஜர் வீட்டு மணியை அடிக்கத் தொடங்கினேன். முதல் ஞாயிறு தூங்குகிறார் என்றார்கள். இரண்டாம் ஞாயிறு குளிக்கிறார் என்றார்கள். வெளியே வரும்வரை ஒன்றரை மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து அவர் மருமகளுக்கு ஆபீஸ் கதை சொன்னேன். மூன்றாம் ஞாயிறு அவரே கதவைத் திறந்தார்.

"என்னதான்பா வேணும் உனக்கு?"

"எழுதித் தாங்க சார். தமிழ்ல. நான் அந்த லைனத் தொடலன்னு."

"இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறே?"

"எனக்கு."

கோலைச் சுவரில் சாய்த்தார். பிறகு பேனா எடுத்து ஒரு வரி எழுதி நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இன்னொரு வரி பாக்கி சார். யாரு போட்டான்னு."

"மனுஷன் போயிட்டார்பா. அவர் பேர் எதுக்கு?"

"எழுதுங்க சார்."

எழுதினார். உம் பெயரை முழுசாக, தகப்பனார் இனிஷியலோடு.

இரண்டு வரி. எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தேன். சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்திருக்கிறேன். துவைக்கப் போடும்போதும் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுகிறேன். டைப்பிஸ்டுக்குக் காட்டிவிட்டேன். பழைய ஆபீஸ் ஆட்கள் எவரைத் தெருவில் கண்டாலும் நிறுத்திக் காட்டுகிறேன். உம் மானம் செம்பூரிலிருந்து தாராவி வரைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

மாமிக்கு மட்டும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதேயும்.