காலருக்குள் முப்பத்தொன்று

ஃபோர்ட் ஹால்டன், மானிடோபா
ஜனவரி 11

அன்புள்ள வெய்க்கோ,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் நீ இதைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருந்தால் அது நியாயம்தான். பிரித்துவிட்டாய் என்றால், உனக்கும் உன் வீட்டில் இருப்பவர்களுக்கும் என் வணக்கமும் கொலீனின் அன்பும். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பச் சொன்னாள் அவள். "உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பின்லாந்துக்காரன் பாவம்" என்றாள். இதைக் கையால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இரண்டு வாரமாக மைனஸ் முப்பத்துநாலு. டிரக்கின் எஞ்சினைச் சூடுபண்ணும் வயரைச் செருக ஒரு நாள் மறந்தேன், மறுநாள் மதியம்வரை வீட்டிலேயே கிடந்தேன். என் அப்பா போன வசந்தத்தில் காலமானார். பண்ணையை என் தம்பி பார்த்துக்கொள்கிறான். எங்களுக்கு ஒரே பெண், பிரின். பதினாலு வயது. உன்னைப் பார்த்ததில்லை. நீ ஊரைவிட்டுப் போன மறுவருஷம் பிறந்தவள்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் எட்டாம் தேதி நம் ஐஸ் ஹாக்கி கிளப் என் பதினான்காம் எண்ணை அரங்கத்தின் கூரையில் ஏற்றுகிறது. இனி இங்கே வேறு யாரும் அந்த எண்ணை அணிய மாட்டார்கள். அன்று ஆட்டத்துக்கு முன்பு பையன்கள் எல்லோரும் ஒரு நினைவு ஜெர்சி போட்டுக்கொண்டு பனியில் இறங்குவார்களாம். அதை வடிவமைக்கிற பெண் நதீன் மூன்று மாதிரிகளைக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேஜையில் விரித்தாள். பழைய கருநீலம், இடது மார்பில் கேப்டனின் 'சி', கைப்பட்டையில் வரிசையாக எண்கள்: பதினேழு பருவம், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வருஷம் கேப்டன், இரண்டு கோப்பை.

படித்துப் பார்த்தேன். யாரோ பெரிய மனுஷனைப் பற்றி எழுதியிருந்த மாதிரி இருந்தது. உறைந்த குதிரைச் சாணியை அடித்து ஆடப் பழகியவன் நான். கிளப்புகள் ஆள் எடுத்தபோது நூற்று எண்பத்தேழாவதாகத்தான் என் பெயர் வந்தது. முதல் நாள் உடைமாற்றும் அறையில் காவலாளி என்னைத் துணி துவைக்க வந்தவன் என்று நினைத்து அழுக்கு மூட்டையைக் கையில் கொடுத்தான். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை, பஸ் பயணங்களில் சொல்லி உன் காதைப் புளிக்க வைத்திருக்கிறேன். பனி எனக்கு எல்லாம் கொடுத்தது, வெய்க்கோ. வீடு, கொலீன், ஒரு ஊரே என் பெயரைச் சொல்லிக் கத்திய சத்தம். இன்றைக்கும் காலையில் கண் விழித்ததும் அதற்காக நன்றி சொல்கிறேன்.

நவம்பரில் ஒன்று நடந்தது. பிரின் இங்கே பெண்கள் அணியில் ஆடுகிறாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக் என்ற ரப்பர் வட்டைத் துரத்திப் போனவளை எதிரணிப் பெண் ஓரத் தடுப்புப் பலகையோடு சேர்த்து மோதினாள். சுத்தமான மோதல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மகள் எழுந்தாள், கையை ஆட்டினாள், பெஞ்சுக்குப் போனாள். நானும் கைதட்டினேன். ஆனால் பெஞ்சில் பக்கத்தில் இருந்த தெரேசா ஓகிமாவ் என்ற பெண்ணிடம், "ஸ்கோர் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறாள். அவள் சொன்னாள். அரை நிமிஷத்தில் மறுபடி, "ஸ்கோர் எவ்வளவு?" தெரேசா எழுந்து நேராகப் பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பிரினை ஆட்டத்திலிருந்து எடுத்தார்கள். அணி தோற்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் டிரக்கில் அழுதுகொண்டே வந்தாள். "அவ என்னைக் காட்டிக் கொடுத்துட்டாப்பா. என் ஃப்ரெண்டுன்னு நெனச்சேன். இனி அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். என் வார்த்தைகள், வெய்க்கோ. ஒன்றுகூட மாறவில்லை.

இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் பகுதியில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கை என் தாடையில் விழுந்தது. பெஞ்சுக்கு வந்து, அதன் கோடியில் மாற்று கோல்கீப்பராக உட்கார்ந்திருந்த உன்னிடம், "டேய், நாம எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்று கேட்டேனாம். நீ சிரித்தாயாம். மறுபடி கேட்டேனாம். எனக்கு அது எதுவும் ஞாபகம் இல்லை. இடைவேளையில் நீ டாக்டரிடம் சொன்னதும், அவர் என் ஹெல்மெட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதும்தான் ஞாபகம். கூடுதல் நேரத்தில் தோற்றோம். அத்தனை பேர் முன்னாலும் உன்னைப் பார்த்து அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன்; அதற்கு மேல் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். காலுறைகளை மடித்துக்கொண்டே இருந்தாய்.

பிரினுக்கு மூளை அதிர்வு என்றார் டாக்டர் அம்மாள். ஏழு வாரம் திரை போட்ட அறையில், போன் இல்லாமல், புத்தகம் இல்லாமல் இருந்தாள். அந்த அம்மாளிடம் என் கதையையும் சொன்னேன். என் தலையின் பழைய ஸ்கேன் படங்களை வரவழைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த நிலைமையில இன்னொரு அடி விழுந்திருந்தா, நீங்க உயிரோட இருந்திருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது, மிஸ்டர் ஸ்டெபனிக்." என் மகள் பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பை இரண்டும் அந்த ஆட்டத்துக்குப் பிறகு வந்தவை. அவளும் அப்படித்தான்.

அவள் நடமாட ஆரம்பித்த முதல் ஞாயிறு, "தெரேசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள். கொலீன் சாஸ்கட்டூன் பழம் வைத்த 'பை' பலகாரம் ஒன்று சுட்டுக் கொடுத்தாள். கதவைத் திறந்தது தெரேசாதான். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் தப்பு பண்ணிட்டேனா அங்கிள்? டீம்ல யாரும் எங்கூட பேசறதில்ல" என்றாள். என் மகள்தான் பேசினாள். "உனக்கு என்னைப் பிடிக்காமத்தான் சொன்னேன்னு நெனச்சேன்டி." அதற்கு அவள், "பிடிக்காதவளா இருந்தா ஆடித் தொலையட்டும்னு விட்டிருப்பேன், லூசு" என்றாள். அப்புறம் இரண்டும் கட்டிக்கொண்டன. பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் வாசல் குளிரில் நின்றேன். பதினாலு வயதுப் பெண்ணுக்கு ஏழு வாரம் போதுமாக இருந்தது.

இப்போது நான் எழுதப்போவது உனக்குத் தெரியாது. கொலீனுக்கும் போன வாரம்வரை தெரியாது. அந்தக் கோடையில் மேலாளர் எனக்குப் போன் செய்தார். "வெய்க்கோவோட ஒப்பந்தம் முடியுது, வெச்சுக்கலாமா? நல்ல பையன்" என்றார். பணிமனையில் மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டே பதில் சொன்னேன். "வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னேன். காரணம்கூட அவர் கேட்கவில்லை, கேப்டன் சொன்னால் போதும் அப்போது. உன் ஆட்டம் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள் என நீ நினைத்திருப்பாய். உனக்கு அப்போது இருபத்தேழு.

விலாசம் வாங்க மர்வைத் தேடிப் போனேன். நம் சாமான்களையெல்லாம் கவனித்துக்கொண்ட அதே மர்வ். இப்போது கைத்தடி வைத்திருக்கிறார், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா, மடப்பயலே?" என்று கேட்டுவிட்டு, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். நீ வருஷா வருஷம் அவருக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டைகள். பதினாறு. ஒவ்வொன்றையும் படித்தேன். உன் மகன்கள் பிறந்தது, நீ பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது, குவோபியோவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோல் காக்கச் சொல்லிக் கொடுப்பது. ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் நீ என்னைப் பற்றி ஒரே கேள்வி கேட்டிருந்தாய். கேப்டனுக்குத் தலைவலி நின்றதா என்று.

மர்வ் எழுந்து போய்க் காபி போட்டார். ரொம்ப நேரம் போட்டார்.

நின்றுவிட்டது, வெய்க்கோ. நின்று பல வருஷம் ஆகிறது. காலையில் என் பெயர் எனக்குத் தெரிகிறது. என் மகளின் பெயர் தெரிகிறது. என்னோடு ஆடிய இரண்டு பேருக்கு, தலையில் பட்ட அடிகளால், இன்றைக்குத் தங்கள் பெயரே தெரிவதில்லை. அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒவ்வொரு முறையும் உன்னை நினைத்திருக்கிறேன். எழுதத்தான் தைரியம் வரவில்லை.

நதீனிடம் ஒன்று கேட்டேன். ஒவ்வொரு ஜெர்சியிலும் காலருக்கு உள்ளே, கழுத்துப் படும் இடத்தில், முப்பத்தொன்று என்று உன் எண்ணைத் தைக்க வேண்டும் என்றேன். கிளப் தலைவரே போன் செய்துவிட்டார். "லைல், அவர் நமக்கு ஆடினது பத்தொம்பது ஆட்டம். ரசிகர்களுக்கு ஆளையே தெரியாதேப்பா." கைப்பட்டையில் இருக்கிற எண்களில் பாதியை அவன்தான் கொடுத்தான் என்றேன். அந்த எண் இல்லாவிட்டால் விழாவுக்கு நான் வருவதாக இல்லை என்றும் சொல்லிவைத்தேன். கேப்டன் பிடிவாதம் இன்னும் போகவில்லை. நேற்று முதல் ஜெர்சி தைத்து வந்தது. முப்பத்தொன்று இருக்கிறது, வெள்ளை நூலில். பிரின் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அவர் வருவாரா அப்பா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் பையன்களுக்கும் விமான டிக்கெட் இதோடு இருக்கிறது. என் வீட்டிலேயே தங்கலாம். என் அம்மா கொடுத்தனுப்பிய பெரோகி கொழுக்கட்டை குளிர்பெட்டி முழுக்க இருக்கிறது. வர இஷ்டமில்லை என்றால் டிக்கெட்டைக் கிழித்துப் போடு, உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. உன் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டில் ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

ஆனால் வா. ஆட்டத்தை விட்ட பிறகு என் வலது தோள் தலைக்கு மேலே எழும்புவதில்லை, சட்டை மாட்டக்கூட யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்குப் பனியின் நடுவில், அத்தனை ஜனங்கள் முன்னால், அந்த ஜெர்சியை எனக்கு யாராவது பிடித்து மாட்டிவிட வேண்டும். கொலீன் கேட்டாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய பயிற்சியாளர் கேட்டார், அவரிடமும் வேண்டாம் என்றேன்.

நீ மாட்டிவிடு.

என்றும் உனக்குக் கடமைப்பட்ட,
லைல் ஸ்டெபனிக்