அழுத்த உடையைப் பிடித்துத் தைத்தது நான்

அனுப்புநர்:
வெளிநோயாளர் எண் 2217-இன் மகள்,
பத்தாம் வகுப்பு மாணவி.
(தற்போது அறுவைப் பிரிவு, இரண்டாம் தளம், கட்டு மாற்றும் அறைக்கு வெளியே உள்ள நீளப் பெஞ்சில்)

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் தாயாரின் கோப்பில் ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதப்பட்டதை நீக்கி, கை அறுவைக்கான பட்டியலில் அவரை மீண்டும் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் மறைக்காமல் இந்த மனுவில் எழுதுகிறேன். எனக்குப் பாதகமானதையும் விடப்போவதில்லை. உண்மையில் அதை எழுதத்தான் இந்த மனுவே.

1. என் அம்மா பள்ளிச் சீருடைகள் தைக்கும் கூடத்தில் பதினாறு வருடங்களாக வேலை செய்கிறார். தைத்து முடித்த ஒவ்வொரு சட்டையையும் சரிபார்த்து, சீட்டில் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய எடை 121 கிலோ. தங்கள் மருத்துவமனையின் எடைக் குறைப்புப் பிரிவில் சேர்ந்து, சாப்பாட்டைத் திருத்தி, வேலைக்கு நடந்தே போய் வந்து, இப்போது 69 கிலோவில் இருக்கிறார். ஆனால் வயிற்றுத் தோல் மடிந்து தொடைவரை தொங்கியது. “உடம்பு இளைச்ச விஷயத்தை எல்லாருக்கும் சொன்னாங்க, தோலுக்கு மட்டும் யாரும் சொல்லல போல” என்று அம்மா சிரிப்பார். மடிப்புக்குள் வியர்த்து, புண்ணாகி, கோடையில் நாற்றமே வந்தது. நாளுக்கு இரண்டு முறை பழைய பருத்தித் துணியை நாடாவாக வெட்டி அந்த மடிப்புக்குள் வைப்போம். வெட்டிக் கொடுப்பது என் வேலை.

2. தோலை எடுக்கும் அறுவைக்கு மருத்துவர் மூன்று நிபந்தனைகள் சொன்னார். ஆறு மாதம் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. இரத்தத்தில் இரும்புச் சத்து ஏற வேண்டும். மடிப்புப் புண் முழுவதும் ஆற வேண்டும். அம்மா மூன்றையும் நிறைவேற்றினார். ஆறு மாத எடையை நான் வரைபடத்தாளில் குறித்திருக்கிறேன். கோடு மேசை விளிம்பு மாதிரி நேராக இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையால் வயிறு கட்டிக்கொண்டபோதும் ஒரு நாள்கூட அவர் அதை விட்டதில்லை. அப்படிப்பட்டவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்பது எவ்வளவு பொருந்தாது என்று தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

3. அறுவைக்கு முந்தின மாலை மருத்துவர் அம்மாவை நிற்க வைத்து, வெட்ட வேண்டிய இடத்தில் ஊதா நிறப் பேனாவால் கோடு போட்டார். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “டாக்டர், தப்பா நினைக்காதீங்க, இடது பக்கம் அரை இன்ச் மேல ஏறுது” என்றார். மருத்துவர் டேப்பை வைத்து அளந்தார். ஏறித்தான் இருந்தது. அவர் சிரித்து, அழித்து, மறுபடி போட்டார். “நீங்களும் நம்ம தொழில்தான் டாக்டர், பிடிச்சுத் தைக்கிறது” என்றார் அம்மா. இதற்கு அன்று பணியிலிருந்த செவிலியர் சாட்சி.

4. அறுவை நன்றாக முடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா நிமிர முடியாமல், தரையில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்தே நடந்தார். முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து மல்லாந்து மட்டுமே படுத்தார். இடுப்பருகே ஒரு குழாயும், அதில் வடியும் நீருக்கு ஒரு சிறு குடுவையும் இருந்தன. தினமும் காலை ஏழு மணிக்கு நான் அதை அளந்து எழுதினேன்: 85, 60, 40, 25. எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். நோட்டை இணைத்துள்ளேன்.

5. இனி குறை. அறுவைக்குப் பின் இரண்டு மாதம் இரவும் பகலும் அழுத்த உடை போட வேண்டும். தோல் உள்ளே ஒட்டிப் பிடிக்கவும், நீர் கோக்காமல் இருக்கவும் அது உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும். பொருள் வழங்கும் அறை ஊழியர் கோப்பின் முதல் பக்கத்தைப் பார்த்து உடையை எடுத்தார். அந்தப் பக்கத்தில் இருப்பது மூன்று வருடத்துக்கு முந்தின அளவு: இடுப்பு 54 இன்ச். அம்மா, “தம்பி, இது என்னோட பழைய உடம்புக்கு” என்றார். ஊழியர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “ஃபைல்ல இருக்கிறதுதாம்மா எனக்கு உடம்பு. ஃபைலை மாத்திட்டு வாங்க.”

நான் பதிவேட்டு அறைக்குப் போனேன். வார்டு எழுதித் தர வேண்டும் என்றார்கள். வார்டில், வெளியே அனுப்பிய பிறகு வெளிநோயாளர் பிரிவுதான் எழுத வேண்டும் என்றார்கள். வெளிநோயாளர் பிரிவில், அளவெல்லாம் பதிவேட்டு அறை சம்பந்தப்பட்டது என்றார்கள். மூன்று இடத்திலும் வரிசைச் சீட்டு வாங்கினேன். அந்தச் சீட்டுகளையும் இணைத்துள்ளேன். கீழே அம்மா குனிந்தபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “விடு, ஊக்கு குத்திக்கலாம். நம்ம கிட்ட இல்லாத ஊக்கா?” என்றார். அந்தப் பெரிய உடையோடு வீட்டுக்கு வந்தோம்.

6. ஊக்கு நிற்கவில்லை. குழாயை எடுத்தபின் இடது பக்கம் லேசாக வீங்கியது. தொட்டால் தண்ணீர்ப் பையைத் தொடுவது போல இருந்தது. அம்மாவால் மெஷினில் உட்கார முடியாது. பதினோராம் நாள் மதியம், துவைத்துக் காயப் போட்டிருந்த உடையை, அவர் தூங்கும்போது நான் எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். கேட்டால் வேண்டாம் என்பார் என்பதால் கேட்கவில்லை. மிகவும் நேர்த்தியாகத் தைத்தேன். அதுதான் தவறாகப் போனது. சட்டை தைக்கும்போது மடிப்பும் பிசிறும் உள்ளே போக வேண்டும், வெளிப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் மடிப்பை உள்ளே விட்டேன். அழுத்த உடையில் தையல் வெளியேதான் வர வேண்டும். அதன் பழைய தையல்கள் எல்லாம் வெளியேதான் இருந்தன. நான் பார்த்தேன். ஏதோ மலிவான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா எழுந்து போட்டுப் பார்த்து, “அட, எனக்கு வேலை போயிடும் போலிருக்கே” என்று என் கன்னத்தைத் தட்டினார். வயிற்றுத் தோல் மரத்திருந்ததால் உள்ளே உரசியது அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாளில் வெட்டுக் காயத்தின் இடது ஓரம் ஒரு விரல் நீளத்துக்குப் புண்ணாகிவிட்டது.

7. பதினான்காம் நாள் கட்டு மாற்றும் அறையில் செவிலியர் அந்தப் புண்ணைப் பார்த்து, உடையைத் திருப்பிப் பார்த்து, “இதை யாரு பண்ணினது?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா, “நாந்தான் சிஸ்டர். கை சும்மா இருக்க மாட்டேங்குது” என்றார். செவிலியர், “படிச்சுப் படிச்சுச் சொல்றோம், கேட்கிறீங்களா? இந்த ஒரு விரல் புண்ணுக்கு இன்னும் ஒரு மாசம் ஆகும்” என்று கடிந்துகொண்டே எழுதினார்: ‘நோயாளி தாமே உடையை மாற்றியுள்ளார். ஒத்துழைக்காத நோயாளி.’ அவர் கோபத்தில் தவறில்லை. அவரிடம் சொல்லப்பட்டது பொய் என்பது அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பாடத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை.

8. இன்று தேதி கேட்கப் போனபோது பட்டியல் எழுதும் அலுவலர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “இந்த வார்த்தை இருந்தா இரண்டாம் கட்டத்துக்குப் பேரே போட மாட்டோம்மா” என்றார். இரண்டாம் கட்டம் என்பது கைகள். அம்மாவின் மேல்கைத் தோல் முழங்கைவரை தொங்குகிறது. துணியை நீட்டி வெட்டும்போது கத்திரிக்குக் குறுக்கே வருகிறது. போன வருடம் இஸ்திரிப் பெட்டியில் பட்டுச் சுட்டது. வெயிலிலும் முழுக்கை சட்டைதான். சீருடை அளவெடுக்க வரும் பிள்ளைகள் முன் அவர் கையை உயர்த்துவதில்லை. அவர்களைக் குனிய வைத்துத் தோளை அளக்கிறார். அறுவை செய்த மருத்துவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறார். பட்டியல் திங்கட்கிழமை காலை முடிவாகிறது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அந்த அலுவலருக்கே தெரியவில்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவே. அம்மாவின் பெயருக்கு நேரே உள்ள அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும். யாராவது ஒருவர் பெயரில் அது இருந்தே ஆக வேண்டும் என்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளலாம். நான் எந்தப் பட்டியலிலும் இல்லை, எனக்கு அதனால் நஷ்டமில்லை. திங்கட்கிழமைக்குள் கை அறுவைப் பட்டியலில் அவரைச் சேர்க்க உத்தரவிட வேண்டும். முதல் பக்கத்தில் அவருடைய இன்றைய அளவை எழுத வேண்டும்: இடுப்பு 36 இன்ச். மேலும், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் ‘தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தால், தைக்கத் தெரிந்த வேறு எந்த வீட்டிலும் இந்தத் தவறு நடக்காது.

இதை எழுதும்போது நான்கு முறை எழுந்து போய்க் கட்டு மாற்றும் அறைக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுத்து ஒரே மாதிரி இல்லாததற்கு மன்னிக்கவும். நான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இணைப்பு: எடை வரைபடம் 1, குழாய் நீர் அளவு நோட்டு 1, வரிசைச் சீட்டுகள் 3.

இடம்: இரண்டாம் தளப் பெஞ்சு
நாள்: வெள்ளிக்கிழமை, அறுவை முடிந்த இருபத்தொன்றாம் நாள்

உண்மையுடன்,
(கையொப்பம்)
நோயாளியின் மகள்

பிற்சேர்க்கை: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அம்மா என் பின்னால் நின்றிருந்தார். ஓரளவு நிமிர்ந்தே நின்றிருந்தார். முழுவதும் படித்தார். “பெத்தவளைப் பொய்க்காரின்னு ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கொடுக்கிறியா, கழுதை?” என்றார். நான், நீங்கள் சொன்னது பொய்தானே அம்மா என்றேன். அவர் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து டேப்பை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கி, 36 என்பதை அடித்து 35½ என்று திருத்தினார். சட்டைச் சீட்டில் எழுதுவது போலவே கீழே எழுதினார்:

சரிபார்த்தேன். தைத்தது என் மகள். நான் சொன்னது பொய்.
(கையொப்பம்) வெளிநோயாளர் எண் 2217

தங்கள் அறைக்கு ஒவ்வொரு படியாக ஏறி வருவதற்குள் மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. கதவு பூட்டியிருந்தது. மனுவைக் கதவின் அடியில் தள்ளிவிட்டுப் போகிறோம். திங்கட்கிழமை காலை கதவைத் திறக்கும்போது தயவுசெய்து காலடியில் பார்க்கவும். இந்தக் கடைசி வரியைக் கதவில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போதே வராந்தாவின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.