'சா' போட்ட நாட்கள்

ஜூன் 4

என் வாலு,

நலம்தானே? உன்னைச் சுமந்தபோது நான் எழுதிய நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எடை, வாந்தி, மாத்திரை எல்லாம் தேதிவாரியாக இருக்கும். தானாக எழுதப் படித்தவள் நான். பிழை பார்த்துச் சிரிக்காதே. உங்கள் ஆஸ்பத்திரியில் இத்தனை மெஷின் இருக்க, இந்த அடுப்படி நோட்டு எதற்கடி? அப்பாவோ, "அனுப்பு, அந்த டாக்டரோட மாத்திரை லட்சணம் ஊருக்கே தெரியட்டும்" என்று குதிக்கிறார். நான் தபாலாபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

தினமும் உனக்காக வேண்டிக்கொள்ளும்,
அம்மா

ஜூன் 15

அம்மா,

நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை, எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை டாக்டர். கர்ப்பிணிகளிடம் மருந்தைச் சோதித்துப் பார்க்க முடியாது. சாப்பிட்டவர்கள் சொல்வதைச் சேர்த்துத்தான் எது குழந்தைக்கு ஆகும், ஆகாது என்று தெரிந்துகொள்கிறோம். உன் வலிப்பு மாத்திரைக்கு நேராக எழுபத்தொரு நாள் 'சா' போட்டிருக்கிறாய். 'சாப்பிட்டது' என்றும், அதற்குப் பிறகு வரும் 'வி'யை 'விட்டது' என்றும் குறித்துக்கொண்டேன். 'குழந்தைக்கு இடது கை பலவீனம்' என்றும் எழுதினேன், யாரோ மாதிரி! இந்தக் கைக்காகத்தானே இந்தப் படிப்புக்கே வந்தேன். இப்படிச் சேர்க்கும் பதிவை மாதக் கடைசியில் மூடிவிடுவோம்.

வாலு

ஜூன் 20

வாலு,

அதைப் பதிவில் ஏற்றாதே. 'சா' என்றால் சாப்பிட்டது இல்லை. சாமி.

வயிறு தெரிய ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டு அக்கா, "அந்த மாத்திரை வயித்துப் புள்ளைக்கு ஆகாதுடி, கை கால் விளங்காம போயிரும்" என்றாள். அன்றிலிருந்து மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். நீயே பார்த்துக்கோ என்று கும்பிட்டேன். கணக்கில் பொய் எழுத எனக்குக் கை வராது. அதனால் பாதி வார்த்தையாக எழுதினேன். எழுபத்தோராம் நாள் குளியலறையில் வலிப்பு வந்து, வயிறு அடிபட விழுந்தேன். மறுநாளிலிருந்து 'வி' போட்டிருப்பேன், பார். அதுதான் விழுங்கியது.

"ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" என்றார் டாக்டர். "சாப்பிட்டேன்" என்றேன். நீ பிறந்த பிறகு, அந்த மாத்திரையால்தான் உன் கை இப்படி என்று அப்பா அவரை வராந்தாவில் வைத்துத் திட்டியபோதும் சும்மா நின்றேன். முப்பத்திரண்டு வருஷமாகச் சாமியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் சொல்லாவிட்டால், நீ எழுதியதைப் படித்து இன்னொருத்தி மாத்திரையை நிறுத்துவாள்.

அப்பாவிடம் இன்று சொல்லிவிட்டேன். இன்னும் சாப்பிட வரவில்லை. நீ என்னை என்ன சொன்னாலும் சரி.

அம்மா

ஜூலை 2

அம்மா,

அடித்துத் திருத்திவிட்டேன். விழுந்ததால்தான் கை இப்படி ஆனது என்று ஒரு நோட்டை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். வேண்டுமானால் தேதி போட்டு எழுதிக்கொள்.

நான்காம் நாள், எங்களிடம் பதிந்திருந்த பெண்களைத் திரும்பக் கூப்பிட்டேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கவில்லை. "மாத்திரையை எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன். ஒருத்தி "அரிசி டப்பாவுல" என்று சிரித்தாள். இன்னொருத்தி, "மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். முப்பது பேரில் ஒன்பது பேர் விழுங்கவில்லை, அம்மா. எல்லாரையும் உடனே அவரவர் டாக்டரிடம் அனுப்பிவிட்டோம். இனி எங்கள் படிவத்தில் அதுதான் முதல் கேள்வி.

அப்பா சாப்பிட வந்தாரா? நோட்டைத் தபாலில் அனுப்பமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்து வருகிறேன். கீழே கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று திட்டாதே. இடது கையால் போட்டது.

வாலு