தர்மக் கட்டில்

ஜூலை 6, 1948. செவ்வாய்

இங்கிலாந்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நேற்று முதல் அங்கே டாக்டரிடம் போனால் காசு கொடுக்க வேண்டாமாம். பல் பிடுங்கினாலும் இலவசம், மூக்குக்கண்ணாடியும் இலவசம். எல்லாம் ஊரார் கட்டும் வரிப்பணம். எஸ்றா அந்தப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான், அவனே போய்ச் சட்டம் போட்டுவிட்டு வந்தவன் மாதிரி.

எஸ்றா என்னோடு படித்தவன். சர்க்கார் ஆஸ்பத்திரியில், அதாவது ஊரே தர்மாஸ்பத்திரி என்று சொல்லும் இடத்தில், டாக்டர். ஒரு பாட்டில் டிங்சருக்கு மேலிடத்துக்கு மூன்று கடிதம் போடுகிறவன் எனக்குக் கணக்குச் சொல்லித்தருகிறான். சீமையில் சர்க்கார் தலைக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் செலவழிக்கிறதாம். நம் மாகாணத்தில் சில அணாக்களாம்.

அமெரிக்காவைப் பார் என்றேன். அங்கே பெரும்பாலும் அவனவன் பையிலிருந்துதான் கொடுக்கிறான், உலகத்திலேயே உயர்ந்த ஆஸ்பத்திரிகள் அங்கேதான் இருக்கின்றன. "கொடுக்க முடியாதவன் என்னலே செய்வான்?" என்று கேட்டான். தர்மம் எதற்கு இருக்கிறது? என் ஆஸ்பத்திரியில் எட்டுக் கட்டில். அதில் ஒன்று தர்மக் கட்டில். ஒரு பஞ்சு வியாபாரி அதற்குப் பணம் போட்டுக் கட்டளை வைத்திருக்கிறார். மருந்து, பால், ரொட்டி எல்லாம் அவர் செலவு. சர்க்காரிடம் நான் ஒரு செப்புக்காசு கேட்டதில்லை.

எஸ்றா சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே ஆகஸ்ட் முதல் தேதி பாளையங்கோட்டை டாக்டர்கள் கூட்டத்தில் கட்டுரை வாசிக்கப்போகிறேன். வைத்தியச் செலவு சர்க்கார் பாடா, சனங்கள் பாடா? நாடு நாடாக எடுத்து வைத்து அவனைக் கிழிக்கப்போகிறேன். அவன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

ஜூலை 9

தூத்துக்குடித் துறைமுகத்தில் இரண்டு மூட்டைக்காரர்கள் கொக்கியால் அடித்துக்கொண்டு வந்தார்கள். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி. ஒருவனுக்குக் காது பாதி தொங்கியது. மற்றவனுக்குத் தொடையில் விரல் போகிற ஓட்டை. அதைப் பார்க்காமல் இன்னும் ஏசிக்கொண்டே இருந்தான். தையல் போட்டுப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினால் அங்கேயும் எழுந்து முட்டிக்கொண்டார்கள். ஒருவனை ஓங்கி அறைந்தேன். இருவரும் அடங்கினார்கள்.

என் மனைவி ரோஸ் சொல்கிறாள், உங்களுக்கு வாய்க்கு முன்னால் கை போகிறது என்று. போகட்டுமே. இந்தக் கைதானே அவளுக்கும் சோறு போடுகிறது. எஸ்றா கத்தியைத் தேடி எடுப்பதற்குள் நான் அறுத்துத் தைத்து முடித்துவிடுவேன்.

ஜூலை 14

கப்பலுக்குப் பஞ்சுப்பொதி ஏற்றும்போது கயிறு அறுந்துவிட்டது. தோணியில் நின்றவன் கைமேல் விழுந்திருக்கிறது. பெயர் அய்யாக்குட்டி, முப்பத்தைந்து வயதிருக்கும், காளை மாதிரி உடம்பு. முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்து நின்றது. என் ஆஸ்பத்திரி பக்கத்தில் என்பதால் இங்கே தூக்கி வந்தார்கள். ராமர் மயக்கமருந்து பிடித்தான். கம்பவுண்டர் என்றாலும் அந்த வேலையில் கெட்டி. கழுவி, எலும்பைக் கூட்டிக் கட்டிவிட்டேன். நல்ல வேலை. நானே சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணனைத் தூக்கி வந்தவன் தம்பி, செந்தூர்பாண்டி. கொழும்புத் துறைமுகத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். கட்டுப் போட்டதற்கு உடனே ரூபாயை எண்ணி வைத்தான்.

ஜூலை 17

கை அழுகுகிறது. கட்டைப் பிரித்ததும் நாற்றம் கூடத்துக்கு வந்துவிட்டது. தோல் கறுத்து, அமுக்கினால் உள்ளே நொறுநொறுக்கிறது. சல்ஃபா பொடி இதற்குப் போதாது. பென்சிலின் வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஊசி, நாள்கணக்கில். என் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது. பம்பாயிலிருந்து வந்தது, தங்கம் விற்கிற விலை.

ஏற்றுமதிக் கம்பெனி கையை விரித்துவிட்டது. வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன் என்கிறான் தம்பி. வாரக் கடனுக்கு மருந்து விற்க நான் பலசரக்குக்கடை அண்ணாச்சி இல்லை. ஆனாலும் ஒருவனைச் சாக விடுகிறவனும் இல்லை. தர்மக் கட்டிலில் போடுகிறேன் என்றேன். கட்டளைக்காரர் வைத்த விதி ஒன்று உண்டு: நோயாளி 'ஏழை, கதியற்றவன்' என்று எழுதிய அட்டையில் கைநாட்டு வைக்க வேண்டும். அட்டை தலைமாட்டில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை கட்டளைக்காரர் வீட்டார் வந்து பார்ப்பார்கள். ஒரு கும்பிடு போட்டால் போதும்.

அய்யாக்குட்டி அந்த ஜுரத்திலும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். தம்பி படித்துச் சொன்னான். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அண்ணன் கூலிக்குப் பாடுபடுதவன், அய்யா. கதியத்தவன் இல்ல. கொழும்புல எனக்குக் கால் ஒடிஞ்சு ரெண்டு மாசம் கெடந்தேன். யாரும் காசும் கேக்கல, கும்பிடவும் சொல்லல. அங்கன அத தர்மம்னு சொல்லமாட்டாவ. ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுதாவ."

எனக்குப் பாடம் எடுக்க இன்னொருத்தன்! அறைந்துவிட்டேன். அவன் மனைவி, மதினி, இன்னும் நாலு பேர் பார்க்க அறைந்துவிட்டேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அண்ணனைத் துணியில் கிடத்தித் தர்மாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். அய்யாக்குட்டியின் பெண்டாட்டி சண்முகத்தாய் வாசலில் திரும்பி நின்று என்னைப் பார்த்தாள்.

அட்டையில் ஒரு பெருவிரலை வைத்திருந்தால் என்ன குறைந்துபோகும்? வெறும் வார்த்தை.

ஜூலை 18. ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்து வந்ததும் எஸ்றாவின் ஆள் நின்றான். அவர்களிடம் பென்சிலின் இல்லையாம், மேலே எழுதியிருக்கிறானாம், அதுவரைக்கும் என் பெட்டியைக் கடனாகக் கேட்கிறான். யார் கணக்கில்? சர்க்கார் கணக்கில்! பன்னிரண்டு நாள்தான் ஆகிறது அவன் என் மேஜையில் உட்கார்ந்து சிரித்து.

"இங்கிலாந்துல இலவசமாக் கொடுக்காங்களாம், அங்க கேக்கச் சொல்லு" என்றேன்.

ராமர் தலையைக் குனிந்துகொண்டான். ரோஸ் மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஜூலை 20

எஸ்றா நேற்று தோளோடு கையை எடுத்துவிட்டானாம். விஷம் மார்புக்கு ஏறிவிட்டது என்கிறான் ராமர். கட்டுரையில் அமெரிக்காப் பகுதி முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஜூலை 21

அய்யாக்குட்டி இறந்துவிட்டான்.

ஜூலை 24. இடது கையால் எழுதுகிறேன்

எழுத்து கோணல். ராமர் எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம்.

வியாழக்கிழமை பிணத்தை எடுத்துப்போனவர்கள் சுடுகாட்டிலிருந்து நேராக வந்தார்கள். துறைமுகமே வந்தது. முதலில் கல். கண்ணாடி எல்லாம் உள்ளே விழுந்தது. பிறகு கதவைக் கொக்கியால் கிழித்தார்கள், மூட்டையைக் கிழிக்கிற மாதிரி. நான் மருந்தலமாரி முன்னால் போய் நின்றேன். ஏன் அங்கே? ரோஸ் உள்ளறையில் இருந்தாள், நான் அலமாரிக்குப் போனேன்.

தள்ளிவிட்டார்கள். அலமாரி சரிந்தது. பென்சிலின் குப்பிகள் தரையில் உருண்டன, அதன்மேல் ஏறி மிதித்தார்கள். ஒருவனுக்கும் அது என்னவென்று தெரியாது. நான் மட்டும் கத்தினேன், ஏலே மிதிக்காதிய, அது உசிருலே, என்று. செந்தூர்பாண்டி நின்றான். "இதுதானா அது?" என்று கேட்டான்.

தரையில் ஒரு குப்பி உடையாமல் கிடந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினேன். கொக்கியை இறக்கினான். புறங்கையில் புகுந்து உள்ளங்கையில் வந்தது. அப்படியே என்னைக் கூடத்துக்கு இழுத்துப்போனான். தர்மக் கட்டில் காலில் என் தலை இடித்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு அட்டையை எடுத்து என் மார்பில் போட்டான். போய்விட்டான்.

ரோஸும் ராமரும்தான் என்னை எஸ்றாவிடம் கொண்டுபோனார்கள். ரோஸ் மேல் ஒரு கீறல் இல்லை. அவளை யாரும் தொடவில்லை.

எஸ்றா கையைப் பார்த்தான், இப்போதே உள்ளங்கையை அறுத்துத் திறந்து விடவேண்டும், பென்சிலின் இல்லாவிட்டாலும் சீழ் கட்டாமல் தடுத்துவிடலாம் என்றான். சரியான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் பொது வார்டு. இருபது பேர் பார்க்கிறார்கள். துறைமுகத்து ஆட்களும் கிடக்கிறார்கள். தலைமாட்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்: இலவசம். என்ன கட்டணம் சொல், ரசீது போடு என்றேன்.

"இங்க அதுக்கு ரசீது கெடையாது, சுந்தரம். பேசாம படு."

படுக்கவில்லை. நான் சுந்தரராஜ், நான் யாருடைய தர்மத்திலும் கிடக்க மாட்டேன். ராமரை வாடகைக் கார் பிடிக்கச் சொன்னேன். எஸ்றா வாசல் மட்டும் வந்து கெஞ்சினான். மதுரைக்குப் புறப்பட்டோம். கார் கோவில்பட்டியில் நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைக்க மறுநாள் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 1

மதுரை. தனி அறை, தனி நர்ஸ். இன்று பாளையங்கோட்டையில் நான் கட்டுரை வாசிக்கவேண்டிய நாள்.

வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 3

இல்லாத விரல்கள் எரிகின்றன. யாரையாவது அடிக்கவேண்டும் போல் இருக்கிறது. அடிக்க ஒன்றுமில்லை. தண்ணீர்ச் செம்பை இடது கையால் சுவரில் எறிந்தேன். குறி தப்பி ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

ஆகஸ்ட் 19. தூத்துக்குடி

வீடு. இன்ஸ்பெக்டர் வந்தார். செந்தூர்பாண்டியைப் பிடித்துவிட்டார்கள். அய்யாக்குட்டி சாவைப் பற்றியும் கேட்டார். பென்சிலின் போட்டிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான், வரும்போதே முற்றிவிட்டது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். சர்க்கார் வக்கீலும் அதையே சாட்சிக்கூண்டில் சொல்லச் சொல்கிறார். ஒரு நல்ல டாக்டரை வீண்பழி போட்டுக் குத்தினான் என்று ஆனால் வருஷக்கணக்கில் உள்ளே போவானாம்.

போகட்டும். போகத்தான் வேண்டும். என் கையை எடுத்தவன்.

வரும்போதே முற்றிவிட்டதா? பதினேழாம் தேதி கறுப்பு முழங்கையைத் தாண்டவில்லை. நானே பார்த்தேனே.

செப்டம்பர் 5

கட்டுரைக் காகிதங்களை எடுத்துப் படித்தேன். சீமை, அமெரிக்கா, ருஷ்யா, ஜெர்மனி, நியூசிலாந்து. எந்தச் சர்க்கார் எவ்வளவு, சனங்கள் பையிலிருந்து எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. இலங்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. இங்கிருந்து தோணி ஏறினால் போய்ச் சேருகிற ஊர். அங்கே எப்படி என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே சொன்னான், அவனை அறைந்தேன்.

அய்யாக்குட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஓடியதும் எஸ்றாவை விட்டு நான் ஓடியதும் தர்மம் என்கிற ஒரே வார்த்தைக்குப் பயந்துதான். அவர்களாவது கதியில்லாமல் ஓடினார்கள். எனக்கு எஸ்றா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 11

சண்முகத்தாய் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறாளாம். ராமர் சொன்னான். நான் கேட்கவில்லை.

நவம்பர் 23

சாட்சிக்கூண்டு ஏறினேன். சத்தியம் செய்ய வலது கையைத் தூக்கப் போய், மடித்துக் குத்திய சட்டைக் கையைத் தூக்கினேன். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. பின்னால் மூட்டைக்காரர்கள் நிறைய இருந்தார்கள். சண்முகத்தாயும் இருந்தாள்.

இவன்தானா என்றார்கள். இவன்தான் என்றேன். கொக்கி, அலமாரி, கட்டில், எல்லாம் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன், கூண்டை விட்டு இறங்கிப்போய் அவன் குரல்வளையைப் பிடிக்கலாம் போல் இருந்தது. ஒரு கையால் முடியுமா என்றும் நினைத்தேன்.

செந்தூர்பாண்டிக்கு வக்கீல் இல்லை. சாட்சியிடம் ஏதாவது கேட்கிறாயா என்றார் மாஜிஸ்டிரேட். அவன் என் சட்டைக் கையைப் பார்த்தான். சேவகன் அதட்டிய பிறகு கேட்டான்.

"அன்னைக்கே அந்த ஊசிய போட்டிருந்தா எங்க அண்ணன் பொழச்சிருப்பானாய்யா?"

சர்க்கார் வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிழைத்திருக்க மாட்டான்: நாங்கள் பேசி வைத்திருந்த பதில் அது. நாக்கு நுனியில் இருந்தது.

பதினேழாம் தேதி கறுப்பு முழங்கையைத் தாண்டவில்லை.

"கை போயிருக்கும்" என்றேன். "ஆளு பொழச்சிருப்பான்."

பின்னால் சண்முகத்தாய் ஒரு சத்தம் போட்டாள். அழுகை இல்லை அது, அடி வாங்கியவள் போடுகிற சத்தம். யாரோ அவளை வெளியே கூட்டிப்போனார்கள். எழுதுகிறவர் பேனாவைப் பிடித்தபடி, இதையும் எழுதவா என்பதுபோல் மாஜிஸ்டிரேட்டைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் எழுதிக்கொள்ளும்படி நானே சொன்னேன்.