பலகையில் எழுதாத பெயர்

ராத்தா,

இன்று காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்துக் கரும்பலகையில் பொறுப்பாளர் வெண்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து வெங்காயம் பொரிகிற மணம் வந்தது. வெண்கட்டி உரசுகிற சத்தமும் இந்த மணமும் ஒன்றாகச் சேர்ந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கையிலிருந்த பத்திரிகையில் ஒரு பத்தியையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

"இன்றைய பகல் சாப்பாடு" என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள் இருந்தன. மூவரும் நிந்தவூரில் ஒரே வீட்டு ஆண்பிள்ளைகள். மௌத்தாகி அடக்கமான வாப்பாவுக்காக எங்களிடம் துஆக் கேட்டிருந்தார்கள்.

எங்களிடம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. நான் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து மூன்று வாரமாகிறது. என் கூடப்பிறந்த மூத்தவ நீங்கள் கடைசி ஒன்றரை வருடம் இருந்த அதே இடம். பெண்கள் பகுதி றோட்டுப் பக்கம், ஆண்கள் பகுதி வயல் பக்கம். என் கட்டில் யன்னலோரம். மற்ற மூன்று கட்டில்களில் மூன்று பேர். ஒருவர் இருமுவார், ஒருவர் வானொலி கேட்பார், ஒருவர் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உங்கள் மூத்த மகன் என் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான். அது வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. மேலே கிடக்கிற இரண்டு சாரத்தையும் இரண்டு சேர்ட்டையும் மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பப் பூட்டிவிடுகிறேன்.

நான் வந்த கதை உங்களுக்குத் தெரியாது. என் மனைவி மௌத்தான பிறகு நாலு வருடம் தனியாக இருந்தேன். வீடு மகளுக்கு எழுதினது. மகள் மாப்பிள்ளையோடு கட்டாரில். குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் கதவை உடைத்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு மகள் தொலைபேசியில் எடுத்த முடிவு இது. நான் மறுத்துக் கதைக்கவில்லை. வீட்டுக்காரி அவள்தானே.

நம் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. பெண்பிள்ளைக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்போம். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து அங்கே போய் இருப்பான். உங்களுக்கு மூன்றும் ஆண். மூன்று பேரும் மூன்று ஊருக்கு மாப்பிள்ளையாகிப் போனார்கள். மச்சான் மௌத்தான பிறகு கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கத்து வீட்டில் நீங்கள் ஒற்றையாக இருந்தீர்கள். நான் கவலைப்பட்டால் சிரிப்பீர்கள். "எனக்குப் பசிச்சா நான் திங்கிறன், பசிக்காட்டிப் படுக்கிறன். கேக்க ஆளில்ல. இதவிட என்ன வேணும்?" என்பீர்கள். அது உம்மாவின் வீடு. உம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்தது. உம்மா மௌத்தான நாளில் ஓதுகிற கத்தத்தை வருடாவருடம் அங்கேதான் ஓதினோம். நீங்கள் சமைப்பீர்கள், நான் விருந்தாளி மாதிரி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிறு, நடுவில் மகனுக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் நீங்கள் சம்மாந்துறையில் இருந்தீர்கள். பத்திரிகைக்குச் செய்தி எடுக்க நான் நோட்டுக் கொப்பியோடு உங்கள் கடற்கரை றோட்டில் நடந்தேன். உங்கள் வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் இருந்தது. தரையின் நிறத்தை வைத்துத்தான் அது நீங்கள் சமைத்த குசினி என்று எனக்குத் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து, உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தெருவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து தந்தார். விளிம்பில் வெட்டியிருந்த பெயரை வைத்து, விசாரித்து விசாரித்து வந்திருந்தார். அந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

கடலோரத்தில் திரும்பக் கட்ட அரசாங்கம் விடவில்லை. முதலில் கூடாரம், பிறகு பலகைக் கொட்டில், அதன்பிறகு மூன்று மகன்மாரின் வீடுகளிலும் மாறிமாறி இருந்தீர்கள். மகன்மாரின் வீடு என்று எழுதுகிறேன். நீங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "அது மருமகள்ட உம்மா குடுத்த வீடு தம்பி. நான் அங்க எத்தின நாளைக்கு வந்த ஆள் மாதிரி இரிக்கிற?" என்று கேட்டீர்கள். நான் இருந்ததும் என் மனைவியின் வீட்டில். என்னோடு வந்து இருக்கட்டுமா என்று நீங்களும் கேட்கவில்லை, வாங்க என்று நானும் சொல்லவில்லை. ஊர் வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. இதை நான் எந்தப் பத்திரிகையிலும் எழுதியதில்லை.

இந்த இல்லம் திறந்தபோது நான்தான் உங்களைக் கூட்டிவந்தேன். முதல் மாதங்களில் நீங்கள் பட்டதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். மணியடித்தால் சாப்பாடு. மணியடித்தால் வெளிச்சம் அணையும். நினைத்த நேரத்தில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடிக்க முடியாது. ஐந்து வருடம் தனியாக இருந்தவருக்கு நாலு கட்டில் அறை. நீங்கள் உடுப்புப் பொட்டணியை அவிழ்க்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்துக் கட்டில் ஆசியும்மா நான் இருக்கும்போதே உங்களைப் பகிடி பண்ணினா.

"பஸ்ஸுக்கு நிக்கிறாப் போல இரிக்காகா. எந்த பஸ்?"

"அக்கரைப்பத்து பஸ்" என்றீர்கள், முகத்தை மாற்றாமல்.

ஆனால் உங்களைத் தின்றது அதுவல்ல. இங்கே பகல் சாப்பாடு யாராவது ஒருவரின் ஸதகா. யாரோ தங்கள் வீட்டில் மௌத்தானவருக்காகத் தருமமாகத் தருவார்கள். பெயரைப் பலகையில் எழுதி, வாசித்து, எல்லோரும் கையேந்தித் துஆச் செய்த பிறகுதான் சோற்றில் கைவைப்பது. நோன்பு காலத்தில் தெருவுக்கே கஞ்சி கொடுத்த உங்களுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. யுத்தம் முடிந்த கிழமை சாப்பாடு தர ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்த நாட்களில் நான் வந்தபோது, "மௌத்தானாலும் சோறு, யுத்தம் முடிஞ்சாலும் சோறு. எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான், கையத் தூக்கணும்" என்றீர்கள். நான் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். குறித்தேனே தவிர, கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அடுத்த மாதம் அதைச் செய்திருக்க மாட்டேன்.

உம்மாவின் கத்த நாள் வந்தது. கடலுக்குப் பிறகு நாம் அதைச் செய்யவே இல்லை. இந்த வருடம் இல்லத்தில் வைத்துச் செய்தால் ராத்தாவுக்கும் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். பொறுப்பாளரிடம் சொல்லி ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும் ஏற்பாடு செய்தேன். உங்களிடம் சொல்லவில்லை. வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன்.

பகல் லுஹர் தொழுகை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் இருந்தார்கள். பலகையில் என் பெயர் மட்டும். பொறுப்பாளர் எழும்பி, இன்றைய சாப்பாடு நம் ஊர்ப் பத்திரிகையாளர் தருவது, அவருடைய உம்மாவுக்காக எல்லோரும் துஆச் செய்யுங்கள் என்றார். எல்லோர் கைகளும் எழும்பின. பெண்கள் வரிசையின் கடைசியில் உங்கள் கைகள் மடியில் கிடந்தன.

ஆசியும்மா உங்களை இடித்தா. "தின்னு கா. ஆட்டிறைச்சி ஆரோடயும் கோவிக்கல்ல."

நீங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு நான் நின்ற இடத்துக்கு வந்தீர்கள். கோப்பையில் ஒரு பருக்கை இல்லை. சத்தம் போடவில்லை. என் காதுக்கு மட்டும் கேட்கிறாப் போல இரண்டு கேள்வி கேட்டீர்கள்.

"உம்மா உனக்கு மட்டுமா தம்பி? என்ட உம்மாட கத்தத்துக்கு நான் ஸதகா திங்கிற ஆளா?"

பிறகு அறைக்குப் போய்விட்டீர்கள். வெண்கட்டி பலகையின் கீழே இருந்தது. என் பெயருக்கு மேலே உங்கள் பெயரை எழுத அரை நிமிடம் போதும். நாற்பது வருடம் ஒரு பெயரை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் நான் செய்தி அனுப்பியதில்லை. பெயர் விடுபட்டால் மறுநாள் திருத்தம் போடச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன். அன்றைக்கு இத்தனை பேருக்கு முன்னால் பலகையை அழித்து எழுத வெட்கப்பட்டேன். பரவாயில்லை, சாப்பிடுங்கள் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை வந்தபோது ஒன்றும் நடக்காதது போலக் கதைத்தீர்கள். சோதனைச் சாவடியில் இன்னும் பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிப் பார்க்கிறார்களா என்று கேட்டீர்கள். நான் மாப்புக் கேட்க வாயெடுத்தபோது, தேத்தண்ணி ஆறுது குடி என்றீர்கள்.

மிச்சத்தை ஆசியும்மா சொல்லித்தான் அறிந்தேன். நீங்கள் ஒவ்வொரு நாள் காலையும் குசினி வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள். இல்லத்தில் இருக்கிறவர்கள் குசினிக்குள்ளே வரக்கூடாது என்பது இங்கே சட்டம். உம்மா, நீங்க இஞ்ச ஓய்வா இரிக்கத்தான் வந்த என்று பொறுப்பாளர் சொன்னாராம். "ஓய்வு மௌத்துக்குப் பொறகு இரிக்கி" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றீர்களாம். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அவர் அலுத்துப்போய் வெங்காயம் உரிக்க மட்டும் விட்டார். அன்று பகல், யாரோ ஒரு வியாபாரியின் பெயரை வாசித்து முடிந்ததும், ஆசியும்மாவின் காதில், "வெங்காயம் என்ட" என்று சொல்லிவிட்டு முதல்முறையாகக் கோப்பை நிறையச் சாப்பிட்டீர்களாம். அன்று பின்னேரம் பொட்டணி அவிழ்ந்தது. உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினீர்கள். பஸ் போயிற்றா என்று ஆசியும்மா கேட்க, "போயிட்டுகா. அடுத்தது எப்ப எண்டு தெரியா" என்றீர்களாம்.

இந்த இடத்தில் வாழ நீங்களாக ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

என்னிடம் ஒன்று மட்டும் கேட்டீர்கள். அடுத்த வருடம் உம்மாவின் கத்தத்துக்கு நீங்கள் சமைக்க வேண்டும், பலகையில் உங்கள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. ஓம் என்றேன். அந்த நாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீங்கள் மௌத்தானீர்கள். கத்தத்தை நான் செய்தேன். உங்கள் பெயர் பலகையில் ஏறியது. தந்தவரின் வரியில் என் பெயர். யாருக்காக என்ற வரியில் உம்மாவின் பெயரும், அதன் பக்கத்தில் உங்களுடையதும். எல்லோரும் உங்களுக்காகக் கையேந்தினார்கள். நான் சரிபார்த்த பெயர்களில் அதுபோல என்னை வருத்தியது வேறில்லை. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

உங்கள் கோப்பையை அன்று ஆசியும்மா என்னிடம் தந்தா. இப்போது அதில்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். மூன்று வாரமாகப் பாதியை மிச்சம் வைத்து எழும்பிக்கொண்டிருந்தேன்.

இன்று அந்த மூன்று பெயர்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, பொறுப்பாளரிடம் போனேன். இப்போது இருப்பவர் இளம் ஆள். இந்த மூன்று பேருக்கும் சகோதரி இல்லையா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இருக்கிறா, வாப்பாவைக் கடைசிவரை பார்த்ததும் அவதான் என்றார். அப்படியென்றால் பெயர் எங்கே என்றேன். அவர்கள் தரவில்லை, நானும் கேட்கவில்லை என்றார். கேளுங்கள் என்றேன்.

"இது பெரிய விசயமா, சேர்?"

"கேட்டுச் சொல்லுங்க தம்பி. நான் இஞ்சதான் நிக்கிறன்."

அவர் தொலைபேசியில் கதைத்தார். பிறகு பெயர் வந்தது. இன்னொருமுறை கேட்டு உறுதிப்படுத்தச் சொன்னேன். வெண்கட்டியை நான் வாங்கிக்கொண்டேன். மேலே இடம் இல்லாததால் நாலாவதாகத்தான் எழுத முடிந்தது. எழுத்துகள் கீழ்நோக்கிச் சரிந்தன. பின்னால் இருந்து ஒருவர், வந்து மூணு வாரம், அதுக்குள்ள அதிகாரம் என்று சொல்லிச் சிரித்தார்.

லுஹருக்குப் பிறகு நாலு பெயரையும் வாசித்தார்கள். கையேந்தினேன். அதன்பிறகு உங்கள் கோப்பையில் போட்ட சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன், நீங்கள் செய்வதுபோலக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

நீங்கள் அன்று கேட்ட இரண்டு கேள்வியும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. பின்னேர அஸர் தொழுதுவிட்டுக் கட்டில் நுனியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பையை இன்னும் திறக்கவில்லை, ராத்தா.